மூன்றாம் ரவுண்டில் விழுந்த சம்பந்தி

"உன்னை எப்பவாவது யாராவது மூஞ்சியில குத்தியிருக்காங்களாம்மா?"

சம்பந்தம் பேச வந்த இடத்தில் வருங்கால மாமனார் கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அத்தை முதல் நாளே பாடம் நடத்தியிருந்தாள். இந்தக் கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. பஞ்சு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"உங்கப்பாவை?"

அதற்கும் ஆட்டினாள்.

"பாத்தீங்களா!" என்று பேக்கரிக்காரர் தொடையைத் தட்டினார். "வாங்காதவன்தான் வாங்கினவனுக்குக் கதை சொல்வான். நான் வாங்கினவன். இந்த மூஞ்சியில வாங்கினவன். அதனால சொல்றேன். இடியோட குத்து வெறும் சத்தம். வெடிக்காத பட்டாசுக்குத் திரி மட்டும் நீளம்."

எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையில் காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. அத்தை, "போச்சு, போ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பிஸ்கட் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். இனி அதைத் தொட ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இடி என்பது ஒரு மனிதர். அந்த ஊரின் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். அவர் மேடை ஏறிய காலத்தில் பஞ்சு பிறக்கவே இல்லை. அவருடைய வலது கை எதிராளி மேல் விழுந்தால் அரங்கத்துக்கு வெளியே சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றி நின்றுவிடுவான் என்பார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்தப் பெயர். அவர் மேடையை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகியும், நாலு பேர் கூடினால் அந்தக் கை எவ்வளவு பலமான கை என்ற பேச்சு வந்துவிடும். காளை மாட்டையே சாய்த்துவிடும் என்பான் ஒருவன். கதவைப் பெயர்த்துவிடும் என்பான் இன்னொருவன். பேச்சு ஏறஏறக் கையும் வளர்ந்துகொண்டே போகும்.

அப்பா வாலிபத்தில் இடிக்குக் கிளவுஸ் தைத்துக் கொடுத்தவர். இன்றைக்கும் வீட்டின் முன்னறைதான் பட்டறை. தோல் வெட்டும் பலகை, மெழுகு பூசிய நூல்கண்டு, குத்தூசிகள் செருகிய தக்கை, பஞ்சு மூட்டை, கூரை விட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் ஒரு குத்துப்பை. படிப்பை நிறுத்தியதிலிருந்து மகளுக்கும் அங்கேதான் வேலை. கிளவுஸுக்குள் பஞ்சைத் திணிப்பதில் அவளுக்கு நிகர் இல்லை. பேசினாலும் பஞ்சில் ஊசி விழுந்த மாதிரிதான் இருக்கும். இரண்டும் சேர்ந்து பஞ்சு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு கிளவுஸ் முடிந்ததும் அப்பா அதைக் கையில் மாட்டிக் காதைச் சாய்த்துத் தொடையில் ஒரு அறை அறைவார். "சத்தம் சொல்லணும்" என்பார். சத்தம் சரியில்லை என்றால் பிரித்துப்போடச் சொல்வார். பஞ்சு அப்படிச் செய்வதில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். எந்த வழி சரி என்று அப்பாவும் மகளும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

பேக்கரிக்காரரும் அந்தக் காலத்து ஹெவிவெயிட்தான். ஒரே ஒரு முறை இடியோடு மோதினார். மூன்றாம் ரவுண்டில் விழுந்தார். அதோடு கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவர், இன்றைக்கு ஊருக்கே ரொட்டி கொடுக்கிறார். "வழுக்கி விழுந்தேன்" என்பதுதான் அன்றிலிருந்து அவர் கட்சி. மேடையில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்களாம். இடியின் வலது கை தோளை உரசிக்கொண்டு போனது, சத்தம் கேட்டது, காலுக்கடியில் ஈரம், அவ்வளவுதான்.

அவர் மகன்தான் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். எதிர்க் கடைக்கு ரொட்டி இறக்க வருகிறவன், ஒரு மழை நாளில் பட்டறைக்குள் ஒதுங்கினான். அவன் பேசினான், அவள் கேட்டாள். மழை விட்டும் அவன் போகவில்லை. அதற்கப்புறம் எதிர்க் கடைக்கு வேண்டுமோ வேண்டாமோ, நாள் தவறாமல் ரொட்டி வந்துவிடும். கடைக்காரர்தான் ஒரு நாள் அத்தையைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க, என் கடையில ரொட்டி காயுது" என்று சொன்னார். அப்படித்தான் பேச்சு சம்பந்தம் வரைக்கும் வந்தது.

வந்த இடத்தில்தான் இப்படி.

"பேக்கரிக்காரரே," என்றார் அப்பா, டம்ளரைக் கீழே வைத்து. "இடி குத்தி எழுந்து நின்னவன் இல்ல. நீங்களும் எழுந்து நிக்கல."

"வழுக்கினவன் எப்படிய்யா உடனே எழுந்து நிப்பான்? இடுப்பு பிடிச்சுக்கிச்சு!"

"இடுப்பு பிடிச்சவனைத் தண்ணி தெளிச்சா எழுப்புவாங்க?"

"அண்ணே, கல்யாணம் பேச வந்திருக்காங்க," என்றாள் அத்தை. "குத்துச்சண்டை பேச இல்ல."

"இரும்மா. ஒரே வார்த்தை. நான் வழுக்கித்தான் விழுந்தேன்னு உங்கண்ணன் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். நாளைக்கே நாள் குறிக்கலாம்."

"தலையே போனாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப என் பையனுக்கு வேற இடம் பாக்கறேன்."

"பாருங்க. நான் தைக்கிற கிளவுஸை மாட்டிக்கிட்டுத் தேடுங்க."

இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் கோபம் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. பேக்கரிக்காரர் எழுந்து போனார். வேன்காரன் வாசலில் திரும்பிப் பார்த்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் கையைக் காட்டினான். பஞ்சு குத்தூசியை எடுத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். அன்றைக்குத் தைத்த தையலை மறுநாள் அவளே பிரிக்க வேண்டியிருந்தது.

வேன்காரன் சொன்னபடியே ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய அரங்கத்தின் பெட்டிகளில் கிடந்த படச்சுருள்களை யாரோ போனில் பார்க்கிற மாதிரி மாற்றி வைத்திருந்தார்கள். அதில் அந்தச் சண்டையும் இருந்தது. கண்ணால் பார்த்தால் தீர்ந்தது விவகாரம் என்று இரண்டு பக்கத்தையும் மறுபடி ஒரே அறையில் உட்கார வைத்தான். பட்டறையிலேயே டிவியில் போட்டான்.

கறுப்பு வெள்ளைப் படம். மழை பெய்கிற மாதிரி கோடுகள். இடி, நிஜமாகவே மலை மாதிரி. எதிரில் இளம் பேக்கரிக்காரர், புசுபுசுவென்று அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பன் மாதிரி. அத்தை, "சின்ன வயசுல நல்லாத்தான் இருந்திருக்கீங்க" என்றாள். பேக்கரிக்காரர் அந்தக் கோபத்திலும் தலையைக் கோதிக்கொண்டார்.

"சத்தத்தைக் கூட்டு," என்றார் அப்பா. அவர் கண்ணை மூடிக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே கிடையாது மாமா. ஊமைப் படம்."

"அப்புறம் எதை வெச்சு நான் சொல்றது?"

"கண்ணை வெச்சுத்தான்," என்றாள் அத்தை. "சாமி மூஞ்சியில ரெண்டு குடுத்திருக்காரே."

பேக்கரிக்காரர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் மாவு பொங்குகிற மாதிரி பொங்கி வந்தது. "யோவ். நீ இடியோட சண்டையை நேர்ல பாத்திருக்கியா, இல்லியா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "நான் உள்ள இருந்தேன்."

"எங்க உள்ள?"

"உடுப்பு மாத்துற அறையில. ரவுண்டுக்கு ரவுண்டு கிளவுஸ் கிழியும். மாத்து கிளவுஸ் தயாரா வெச்சிருக்கணும். நான் வெளிய வந்து வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தா யார் தைக்கிறது? ஆனா ஒவ்வொரு குத்தும் சுவர் வழியா என் காதுல விழுந்தது. ஒண்ணு விடல!"

பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் விட்டத்துச் சங்கிலியே ஆடியது. "ஒரு குத்தைக்கூடப் பாக்காத ஆளு! இவர்கிட்டயா நான் இத்தனை நாளா மல்லுக்கு நின்னேன்!"

"நீங்க மட்டும் பாத்தீங்களா?" என்றார் அப்பா. "குத்து வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? மேலே லைட்டை எண்ணிக்கிட்டிருந்தீங்க."

இந்தக் கூச்சலில் மூன்றாம் ரவுண்டு வந்துவிட்டது. வேன்காரன் "உஷ்" என்றான். திரையில் இடியின் வலது கை பின்னால் போய்ச் சுழன்று வந்தது. பேக்கரிக்காரர் குனிந்தார். கை தோளை உரசியது. அந்த நேரம் பார்த்து நடுவர் குறுக்கே வந்தார். அவருடைய முதுகு, அகலமான வெள்ளைச் சட்டை முதுகு, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அது விலகியபோது பேக்கரிக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டு விலாசத்தை மறந்தவர் மாதிரி முகம். பிறகு அப்படியே மல்லாந்து சாய்ந்தார்.

"தோளைத்தான் உரசிச்சு! வழுக்கிட்டேன்!"

"அந்த முதுகுக்குப் பின்னாடி இன்னொரு வலது விழுந்திருக்கு!"

"எங்க விழுந்துச்சு? காட்டு!"

"முதுகை நகத்து, காட்டறேன்!"

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நடுவர் ஒவ்வொரு முறையும் சரியாகக் குறுக்கே வந்தார். கடைசியில் பேக்கரிக்காரர் எழுந்து, "குருட்டுக் கோழி விட்டத்துல பறந்த கதையா இருக்கு. இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா டிவியைத் துணி போட்டு மூடினார், துக்க வீட்டில் கண்ணாடியை மூடுகிற மாதிரி.

ஆனால் பஞ்சு பார்த்துவிட்டாள். கத்துகிறவர்களுக்குத் திரையைப் பார்க்க நேரமில்லை. அவள் கத்தவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தாள்.

அடுத்த நாள் வேன் வந்தபோது அவனிடம் சொன்னாள். "உங்கப்பா கீழ உக்காந்து தாடையைத் தடவறாரில்ல, எந்தத் தாடை?"

அவன் போனை எடுத்துப் பார்த்தான். "வலது."

"வலது கையால குத்தினா எதிராளிக்கு எந்தப் பக்கம் விழும்?"

அவன் அவளைத் தனக்கு எதிரில் நிற்கச் சொல்லி, காற்றில் மெதுவாகக் கையை வீசிப் பார்த்தான். எதிர்க் கடைக்காரர், "கல்யாணத்துக்கு முன்னாடியேவா!" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். "இடது தாடையில," என்றான் அவன். பிறகு கையை அப்படியே நிறுத்தினான். "அப்ப அது..."

"இடது கை. அந்த முதுகு மறைச்சப்ப. முதுகு விலகும்போது பாருங்க, வலது தொங்கிக்கிட்டிருக்கு. இடது முழங்கை இன்னும் மடங்கியே இருக்கு."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே பஞ்சு!"

"அத்தனை பேர் முன்னாடி எனக்கு வாய் வராது."

"நான் சொல்லட்டா?"

"நீங்க சொன்னா, எனக்காகச் சொல்றீங்கன்னு ரெண்டு பேரும் நம்ப மாட்டாங்க."

அது உண்மை. அவன் வேனில் சாய்ந்து நின்று யோசித்தான். "அப்ப இடியையே கூட்டிட்டு வந்துர்றேன்" என்றான்.

இடி ஊர்க் கோடியில் செடி விற்றுக்கொண்டிருந்தார். குத்துச்சண்டை பற்றி யார் கேட்டாலும் பேசுவதில்லை. செடியைப் பற்றிக் கேட்டாலும் அதிகம் பேசுவதில்லை. எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் விரலால் காட்டுவார். வேன்காரன் போய் முழு விவகாரத்தையும் ஒப்பித்தான். அவர் கேட்டார். கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டார். கையைக் கழுவினார். வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தன் அப்பாவை அழைத்து வருவதுதான் அவனுக்குப் பெரும்பாடாகிவிட்டது. வேனில் பிரேக் பிடிக்கவில்லை, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று ஏற்றி, பட்டறை வாசலில் அருமையாகப் பிரேக் பிடித்து நிறுத்தினான்.

பேக்கரிக்காரர் உள்ளே கால் வைத்தார். இடி அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. கை மட்டும் பழைய கை. பேக்கரிக்காரரின் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. பிறகு சமாளித்துக்கொண்டு, "சௌக்கியமா?" என்றார். இடி தலையை ஆட்டினார்.

"அண்ணே, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க," என்று அப்பா முந்திக்கொண்டார். யாருடைய குத்தைக் காதால் மட்டும் கும்பிட்டாரோ, அந்த மனிதர் பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தார். "உங்க வலது கை பட்டு இவர் விழுந்தாரா, வழுக்கி விழுந்தாரா?"

இடி இரண்டு பேரையும் பார்த்தார். எழுந்தார். அப்பா ஓடிப்போய் இருப்பதிலேயே நல்ல கிளவுஸை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிவிட்டார். இடி தொங்கும் பையின் எதிரில் போய் நின்று, வலது கையைப் பின்னால் கொண்டுபோய் விட்டார் ஒன்று.

டமார் என்றது. எதிர்க் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். பை சுவர் வரைக்கும் போய்ப் பசை டப்பாவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. விட்டத்திலிருந்து தூசி கொட்டியது.

"கேட்டீங்களா!" அப்பா குதித்தார். "கேட்டீங்களா அந்தச் சத்தத்தை!"

"ஊஞ்சல் ஆட்டி விட்ட மாதிரி இருக்கு," என்றார் பேக்கரிக்காரர். "என் பையன் வேனைத் தள்ளினாகூட இப்படித்தான் நகரும். தள்ளறது வேற, குத்தறது வேற. நான் சொன்னது சரியாப் போச்சு. வெறும் சத்தம். வழுக்கித்தான் விழுந்தேன்." ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அதைப் பஞ்சு கவனித்தாள்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. இடி கிளவுஸைக் கழற்றத் தொடங்கினார். வேன்காரன் பஞ்சுவைப் பார்த்தான். வற்புறுத்தவில்லை, சும்மா பார்த்தான். அந்தக் கயிறு அவிழ்ந்து கிளவுஸ் பெஞ்சுக்கு வந்துவிட்டால் இவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், எதிர்க் கடைக்கு வேறு யாராவது ரொட்டி போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஐயா."

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை, "யாரு பேசினது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இடது கையால ஒண்ணு குத்துங்க."

இடி நிமிர்ந்தார். அவளை நன்றாகப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெரிய முகத்தில், பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பதுபோல், ஒரு சிரிப்பு பரவியது. எத்தனையோ பேர் அவரிடம் வலது கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகளைத் தொடச் சொல்லியிருக்கிறார்கள். இடது கையை யாரும் கேட்டதில்லை.

கிளவுஸின் கயிற்றை அவரே பல்லால் இழுத்துக் கட்டினார். பைக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் போய் நின்றார். கை பின்னால் போகவே இல்லை. இடுப்பு மட்டும் கொஞ்சம் திரும்பியது. முழங்கை மடங்கியபடியே ஒரு சாண் தூரம் போயிற்று.

சத்தம் வரவில்லை. தலையணையை மெத்தை மேல் போட்ட மாதிரி 'பொத்' என்று ஒன்று. அவ்வளவுதான். பை ஊஞ்சல் ஆடவில்லை. நின்ற இடத்திலேயே நடுவில் மடங்கி, தொங்கி, நின்றது.

"இதுதானா?" என்றாள் அத்தை.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பையின் பின்பக்கத்துத் தையல், பஞ்சுவே மெழுகு நூலில் இரட்டையாகப் போட்ட தையல், மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. உள்ளே இடித்து இடித்து அடைத்திருந்த கந்தல் துணியெல்லாம் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

பேக்கரிக்காரரின் கை தானாக மேலே போய் வலது தாடையைத் தடவியது. அப்படியே பின்னாலிருந்த பஞ்சு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான்," என்றார். "இதேதான். வலது கையைப் பாத்துக் குனிஞ்சேன். அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஒரு சத்தமும் இல்ல, ஒரு வலியும் இல்ல. முழிச்சா மேலே லைட்டு." அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "டேய், உங்கிட்டகூட நான் சொன்னதில்லடா. மேல ஒண்ணும் படாம நான் எப்படி விழுந்தேன்? பயந்து விழுந்துட்டேனோன்னு... அதைத்தான் வழுக்கிச்சு, வழுக்கிச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பட்டிருக்குடா! நெசமாவே பட்டிருக்கு! உங்கப்பன் கோழை இல்ல!"

ஒரு குத்து வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்தத் தெரு பார்த்ததில்லை. வேன்காரன் தன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நான் சுவர் வழியா கேட்டதெல்லாம்?" என்றார் அப்பா, பரிதாபமாக.

"எல்லாம் சும்மா," என்றாள் அத்தை. "ஆள் விழுந்தது ஒண்ணுகூட உன் காதுல விழல."

அப்பா குனிந்து குவியலிலிருந்து ஒரு கந்தலை எடுத்துப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "சத்தமே வராம ஒரு மலையைச் சாய்க்கிற கைன்னா, நான் சொன்னதைவிட அது பெரிய கைதானே! நான் குறைச்சுல்ல சொல்லியிருக்கேன்!"

"அதைச் சொல்லுங்க!" என்றார் பேக்கரிக்காரர், மூட்டையிலிருந்து எழ முயன்றுகொண்டே. "எவனாவது இனிமே இந்தக் கையைக் குறைச்சுப் பேசட்டும், நான் கேக்கறேன். வாங்கினவன் நான். சம்பந்தி, கையைக் குடுங்க, எழுந்திருக்க முடியல."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை உள்ளே ஓடிப்போய் பிஸ்கட் தட்டை எடுத்து வந்தாள். எதிர்க் கடைக்காரர் கேட்காமலே உள்ளே வந்து இரண்டு எடுத்துக்கொண்டார். பஞ்சு தரையில் உட்கார்ந்து கந்தல் துணிகளை அள்ளத் தொடங்கினாள். வேன்காரனும் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினான். அவன் அள்ளியதைவிடச் சிந்தியதே அதிகம்.

"மருமகளே," என்றார் பேக்கரிக்காரர் அங்கிருந்து, "இந்த வயசுலயே இப்படின்னா, அன்னிக்கு இந்தக் கை எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறே? ரெண்டு பையைப் பிரிச்சிருக்குமா?"

"மூணு," என்றார் அப்பா.

"மூணெல்லாம் இல்ல சம்பந்தி. நான் விழுந்ததுக்கு மூணு வராது. ரெண்டரை."

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் மயங்கிட்டீங்களே!"

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் உள்ள தெச்சுக்கிட்டிருந்தீங்களே!"

பஞ்சு தலையைக் குனிந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கி நிமிர்ந்தபோது கிளவுஸ் இரண்டும் கயிறு சுற்றிப் பெஞ்சின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. இடி வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ரெண்டரையா மூன்றா என்ற சண்டை உச்சத்தில் இருந்தது. அவர் ஒரு முறை திரும்பி அவளைப் பார்த்தார், கதவை ஓசைப்படாமல் சாத்தினார், ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்.